பள்ளிக் கட்டடக் கடன் பத்திரம்: நவம்பரில் எப்படி வாக்களிக்கப் போகிறீர்கள்?

கிழக்குக்கரைவாசி:

வணக்கம். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குப் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் பள்ளி மாவட்டம் புதிய கட்டடங்களுக்காகக் கடன் பத்திரம் வெளியிட நவம்பர் தேர்தலில் மக்களிடம் ஒப்புதல் கேட்கிறது. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவது எங்கள் சொத்து வரியிலிருந்துதான். மாவட்டத்தின் பெயர் வேண்டாம். அந்த அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களும் இங்கே வருகிறார்கள்.

மகள் படிக்கும் தொடக்கப் பள்ளி 1950களின் கடைசியில் கட்டியது. வகுப்பறைத் தரையில் ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள். கதவோரம் ஓர் ஓடு விரிசல் விட்டிருக்கிறது. அதன்மேல் சாம்பல் நிற டேப்பை ஒட்டி, பிள்ளைகள் மிதிக்காதபடி புத்தக அலமாரியை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஓடு என்று ஆசிரியை தாழ்ந்த குரலில் சொன்னார். மைதானத்தின் ஓரத்தில் தற்காலிக வகுப்பறைகள் என்று கொண்டுவந்து இறக்கிய பெட்டிகள் இருக்கின்றன. அவை வந்த காலத்தில் அங்கே படித்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

இதையெல்லாம் பார்த்தால் 'ஆம்' என்று போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். பழைய பள்ளிக் கடன் பத்திரங்கள் இரண்டுக்கும், சமுதாயக் கல்லூரியின் கடன் பத்திரம் ஒன்றுக்கும் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பணம் எங்கே போயிற்று? அந்த ஓடு ஏன் இன்னும் அங்கேயே கிடக்கிறது? மனைவி 'ஆம்' என்று முடிவு செய்துவிட்டார். நான் இன்னும் செய்யவில்லை.

கணக்குப்பிள்ளை:

முதலில் எவ்வளவு என்று பார்ப்போம். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஒரே நிர்வாகத்தில் உள்ள மாவட்டமென்றால், 55 சதவீத ஒப்புதலுடன் நிறைவேறும் கடன் பத்திரத்துக்கு, ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலர் வரை என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மதிப்பு என்பது உங்கள் வீட்டுக்குச் சந்தையில் கிடைக்கும் விலை ஆகாது; கவுண்டி நிர்வாகத்தின் மதிப்பீட்டாளர் ஏட்டில் இருக்கும் தொகை. அது 14 லட்சம் என்றால் ஆண்டுக்கு 840 டாலர்.

அந்த 60 டாலர் ஒவ்வொரு தேர்தலுக்கும் தனித்தனி உச்சவரம்பு. 2010ல் ஒன்று, 2018ல் ஒன்று, இப்போது ஒன்று என்றால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். மேலும் அது பத்திரங்களை விற்கும் நேரத்தில் போடும் கணிப்பு. பின்னால் வீட்டு மதிப்புகள் மொத்தமாகச் சரிந்தால், கடனைக் கட்டி முடிக்கத் தேவையான அளவுக்கு வரி விகிதத்தை ஏற்றத்தான் செய்வார்கள். வாக்காளர் கையேட்டில் 'வரி விகித அறிக்கை' என்று ஒரு பக்கம் வரும். வட்டியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்பது அதில் இருக்கும். பிரசாரத் துண்டறிக்கையில் அந்த எண்ணைத் தேடாதீர்கள், இருக்காது.

ஓய்வுபெற்றவன்:

அண்டை வீட்டுக்காரர் எவ்வளவு கட்டுவார் என்பதையும் சொல்லுங்கள் ஐயா. அதுதான் சுவாரசியம்.

கணக்குப்பிள்ளை:

அதற்குத்தான் வருகிறேன். 1978ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ப்ரொபசிஷன் 13 என்ற சட்டப்படி, வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வீடு கைமாறினால்தான் புதிய விலைக்கு மாறும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் 1984ல் 1,20,000 டாலருக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அது ஏட்டில் இரண்டே முக்கால் லட்சத்தைச் சுற்றி நிற்கும். அவருக்கு இந்தப் பத்திரத்தால் வரும் கூடுதல் வரி சுமார் 165 டாலர். ஒரே தெரு, ஒரே அளவு வீடு, உங்களுக்கு 840. கடைசியாக வந்தவன் தலையில் அதிகச் சுமை. நம்மவர்களில் பெரும்பாலோர் கடைசியாக வந்தவர்கள்.

காத்திருப்போர் பட்டியல்:

சுமையாவது பரவாயில்லை. எனக்கு வாக்கே இல்லை. எச்1பி விசாவில் வந்து வீடு வாங்கி, இரண்டு பிள்ளைகளையும் அந்த மாவட்டப் பள்ளியில்தான் படிக்க வைக்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் என் முறை வருவதற்குள் பெரியவள் கல்லூரியை முடித்துவிடுவாள். வரி கட்டுகிறேன், வாக்களிக்க முடியாது. எதிர்த் தெருவில் வாடகைக்கு இருக்கும் குடியுரிமைக்காரர் நேரடியாகச் சொத்து வரி கட்டுவதில்லை, வாக்களிக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அமைப்பு இப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

சன்னிவேல் அத்தை:

தம்பி, சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரிய உறுப்பினர் தேர்தலில் வாக்களிக்கலாம். 2016ல் அங்கே மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். ஆனால் அது வாரியத் தேர்தலுக்கு மட்டும்தான். கடன் பத்திரத்துக்கு அங்கேயும் கிடையாது.

எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் வாக்காளர் பதிவு பற்றிய கேள்வியும் வரும். குடியுரிமை இல்லாதவர்கள் தெரியாமல்கூட அதில் 'ஆம்' என்று குறித்துவிடாதீர்கள். பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய சிக்கலாகும், நாட்டைவிட்டு அனுப்பும் அளவுக்குப் போகலாம். வாக்கு இல்லாவிட்டாலும் வாரியக் கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. விசா என்ன என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். நான் கிரீன் கார்டு வருவதற்கு முன்பே போய்ப் பேசியிருக்கிறேன்.

கொத்தனார்:

பள்ளிக் கட்டட வடிவமைப்பில் வேலை செய்கிறேன், கட்டுமானப் பொறியாளர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஒரு பள்ளி கட்ட இவ்வளவு செலவா, அதே பணத்தில் அலுவலகக் கட்டடம் இரண்டு கட்டலாமே' என்று எல்லாரும் கேட்கிறார்கள். 1933 மார்ச் 10ஆம் தேதி மாலை 5.54க்கு லாங் பீச்சில் நிலநடுக்கம். எழுபது பள்ளிகள் இடிந்து விழுந்தன, மேலும் 120 பள்ளிகள் பலத்த சேதம். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்த சட்டமன்றம், ஒரே மாதத்தில், ஏப்ரல் 10க்குள் ஃபீல்டு சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி பள்ளியின் வரைபடத்தை நகராட்சி பார்ப்பதில்லை. மாநிலக் கட்டடக் கலைஞர் அலுவலகம்தான் பார்க்கும். கட்டும் நாள் முழுவதும் தனி ஆய்வாளர் ஒருவர் தளத்திலேயே நிற்பார். கம்பியின் இடைவெளியை மாற்றினால்கூட எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். செலவு ஏறுவதற்கு இது ஒரு காரணம். அந்தச் சட்டப்படி எழுப்பிய பள்ளிகள் நிலநடுக்கத்தில் நின்று காட்டியிருக்கின்றன என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

இப்போது உங்கள் பள்ளி. 1950களின் கடைசி, ஒரு மாடி, மரச் சட்டகம் என்றால் நிலநடுக்கத்துக்கு அது அவ்வளவு மோசமில்லை. மாநிலம் 2002ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் கவலைக்குரியவை என்று பட்டியலிட்ட ஏறத்தாழ 7,500 கட்டடங்களும் 1978க்கு முந்தைய, மரச் சட்டகம் அல்லாத கட்டடங்கள். 1971ல் சில்மார் நிலநடுக்கம் வந்த பிறகுதான் கான்கிரீட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்பதில் விதிகள் மாறின. ஆகவே வாக்குச்சீட்டில் 'நிலநடுக்கப் பாதுகாப்பு' என்று எழுதியிருந்தால், எந்தக் கட்டடத்துக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடமாக இருக்கும். அது உண்மையிலேயே தேவையாக இருக்கலாம். ஆனால் உங்கள் மகளின் வகுப்பறை அதில் வராது.

ஆஸ்பெஸ்டாஸ் ஓடு உடையாமல் கிடக்கும்வரை ஆபத்தில்லை, பெயர்க்கும்போதும் அறுக்கும்போதும்தான். 1986ல் வந்த கூட்டரசுச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கென்று மேலாண்மைக் கோப்பு இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு ஆய்வு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வை. பள்ளி அலுவலகத்தில் கேட்டால் பெற்றோருக்குக் காட்டியாக வேண்டும். நாளைக்கே போய்க் கேளுங்கள். ஓட்டில் விட்ட விரிசலைச் சரிசெய்ய நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அது பராமரிப்புச் செலவு.

கிழக்குக்கரைவாசி:

அந்தக் கோப்பு பற்றி யாரும் சொன்னதே இல்லை. நன்றி அண்ணா. இந்தப் பத்திரப் பணத்தில் செய்யப்போகும் வேலைகளின் பட்டியலைத் திரும்பப் படித்தேன். எங்கள் பள்ளியின் பெயருக்கு எதிரே 'வகுப்பறைகளைப் புதுப்பித்தல் அல்லது மாற்றிக் கட்டுதல்' என்று இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு இதே வரிதான்.

ஓய்வுபெற்றவன்:

அந்த 'அல்லது'வில்தான் எல்லாம் இருக்கிறது. நான் வேறொரு மாவட்டம். சென்ற முறை எங்கள் பட்டியலிலும் இதே வாசகம். அறிவியல் கூடம் வரும் என்று வீடு வீடாக வந்து சொன்னார்கள். முதலில் வந்தது செயற்கைப் புல் விரித்த மைதானமும் மின்னணு ஸ்கோர் பலகையும். கேட்டால் இரண்டும் பட்டியலில் இருந்தவைதான், எது முதலில் என்று வாக்குச்சீட்டில் சொல்லவில்லையே என்றார்கள். சட்டப்படி சரி. அறிவியல் கூடம் விலைவாசி ஏறியதால் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப் போயிற்று. அடுத்த கட்டம் என்றால் அடுத்த கடன் பத்திரம்.

என் பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். அதனால் 'இல்லை' போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவர்கள் படித்தபோது அடுத்தவர்கள் கட்டினார்கள், அந்தக் கடமை எனக்கு இருக்கிறது. ஏமாந்த பிறகு மறுபடியும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன், அவ்வளவுதான்.

கரும்பலகை:

நான் பள்ளியில் உதவி ஆசிரியை. ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உள்ளே நின்று பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். செப்டம்பர் மாத வெயிலில் எங்கள் பக்கம் இருக்கும் வகுப்பறைகளில் மதியத்துக்கு மேல் பாடம் நடக்காது. ஜன்னல்கள் மேல்பாதி மட்டும் திறக்கும், கீழ்பாதியை வண்ணம் பூசி அடைத்துவிட்டார்கள். குளிர்சாதனம் வைக்கலாம் என்றால் அந்தப் பழைய மின்பலகை தாங்காது. இரண்டு அறைகளில் ஒரே நேரத்தில் மின்விசிறி, புரொஜெக்டர் எல்லாம் போட்டால் ஃப்யூஸ் போய்விடும். காப்பாளர் வந்து போட்டுவிட்டுப் போவார், மறுபடியும் போகும். இது எங்கள் பள்ளியின் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2020ல் கூட்டரசின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் 41 சதவீத மாவட்டங்கள் தங்கள் பள்ளிகளில் குறைந்தது பாதியில் காற்றோட்ட, குளிர்சாதன அமைப்பை மாற்றவோ புதுப்பிக்கவோ வேண்டும் என்று சொன்னது. ஏறத்தாழ 36,000 பள்ளிகள்.

'ஆசிரியர் சம்பளத்தைக் கூட்டுங்கள், கட்டடம் எதற்கு' என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பணத்தைச் சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. 'இல்லை' போட்டால் அந்தப் பணம் எங்களுக்கு வரப்போவதில்லை.

டல்லாஸ் தம்பி:

டெக்சாஸ் பக்கம் கதை வேறு. இங்கே பாதிக்கு மேல் ஒரு வாக்கு கிடைத்தாலே போதும். ஆனால் 2019க்குப் பிறகு பள்ளிக் கடன் பத்திர வாக்குச்சீட்டில் 'இது சொத்து வரி உயர்வு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டே ஆக வேண்டும், வரி விகிதம் ஏறாவிட்டாலும். அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டப்படி விளையாட்டரங்கம், நீச்சல்குளம், கலையரங்கம் எல்லாவற்றையும் தனித்தனிக் கேள்வியாகக் கேட்க வேண்டும். கூரைக்கு 'ஆம்', அரங்கத்துக்கு 'இல்லை' என்று பிரித்துப் போடலாம். ஓய்வுபெற்ற ஐயா இங்கே வந்தால் மகிழ்வார். 65 வயது தாண்டியவர்களின் குடியிருப்பு வீட்டுக்குப் பள்ளி வரி அப்போதிருந்த தொகையிலேயே நின்றுவிடும். மாநிலத்தின் நிரந்தரப் பள்ளி நிதி 1983 முதல் பத்திரங்களுக்கு உத்தரவாதம் கொடுக்கிறது. அதனால் வட்டியும் குறைவு.

ஓய்வுபெற்றவன்:

அரங்கத்துக்குத் தனிக் கேள்வி! இதைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

நெல்லைச் சீமை:

எனக்கு அடிப்படையிலேயே ஒன்று புரியவில்லை. 2004ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் இறந்தார்கள். அதன் பிறகு விசாரணை ஆணையம் வந்தது, கூரைக் கொட்டகைகளை அகற்றினார்கள். 2021 டிசம்பரில் எங்கள் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உடனே மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். உயிர் போன பிறகுதான் நடந்தது என்பது வெட்கக்கேடு, மறுக்கவில்லை. ஆனால் 'கட்டட்டுமா வேண்டாமா' என்று யாரும் ஊரைக் கூட்டி வாக்குக் கேட்கவில்லை. அரசுதான் கட்ட வேண்டும். இங்கே பணக்கார மாநிலம், பிள்ளையின் தலைக்கு மேல் இருக்கும் கூரைக்கு 55 சதவீதம் ஒப்புதல் வேண்டுமாம்.

கணக்குப்பிள்ளை:

55 என்பதே போராடிப் பெற்றது. ப்ரொபசிஷன் 13 வந்தபின் சில ஆண்டுகள் உள்ளூர்க் கட்டடக் கடன் பத்திரமே வெளியிட முடியாமல் இருந்தது. 1986ல் மறுபடி அனுமதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றார்கள். அறுபது சதவீதம் பேர் 'ஆம்' என்று சொல்லியும் தோற்ற பத்திரங்கள் உண்டு. 2000ஆம் ஆண்டு நவம்பரில் ப்ரொபசிஷன் 39 அதை 55க்கு இறக்கியது. பதிலுக்கு ஆண்டுத் தணிக்கை, குடிமக்கள் மேற்பார்வைக் குழு என்று நிபந்தனைகள் வந்தன.

மாநிலமும் சும்மா இல்லை. 2024 நவம்பரில் மாநில அளவில் 1,000 கோடி டாலர் பத்திரத்துக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க மாநிலம் 60 முதல் 65 சதவீதம் வரை போடும், புதிதாகக் கட்ட 50 முதல் 55. ஆனால் மீதியை உள்ளூர் முதலில் வைத்திருக்க வேண்டும். இங்கே தோற்றால் அந்தப் பணம் வரிசையில் முன்னால் நிற்கும் வேறு மாவட்டத்துக்குப் போகும்.

கொத்தனார்:

அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு மாவட்டம் வாங்கக்கூடிய மொத்தக் கடன் அதன் வரி மதிப்பில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய கம்பெனி வளாகங்களும் விலை உயர்ந்த வீடுகளும் சேர்ந்த வளைகுடாப் பகுதி மாவட்டம் நூறு கோடி கேட்கலாம். மத்தியப் பள்ளத்தாக்கில் வயல்வெளி ஊர் ஒன்று எல்லை வரை கடன் வாங்கினாலும் ஒரு பள்ளிகூடக் கட்ட முடியாது. நாம் இங்கே 'ஆம்', 'இல்லை' என்று சண்டை போடுகிறோம். அவர்களுக்கு அந்தச் சண்டையே கிடையாது. நெல்லைக்காரர் கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

காத்திருப்போர் பட்டியல்:

'வரி விகிதம் உயராது' என்று துண்டறிக்கையில் போட்டிருக்கிறார்களே, அது எப்படி?

கணக்குப்பிள்ளை:

பழைய பத்திரம் ஒன்று கட்டி முடியப் போகிறது என்று பொருள். புதியது இல்லாவிட்டால் உங்கள் ரசீது குறையும். புதியது வந்தால் அதே அளவில் நீடிக்கும். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

எல்லாவற்றையும்விட ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: எந்த வகைப் பத்திரம் என்பது. சான் டியேகோ பக்கம் பவே ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம் 2011ல் பத்தரைக் கோடி டாலர் கடன் வாங்கியது. வரி விகிதத்தை உயர்த்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்ததால், இருபது ஆண்டுகளுக்கு மேல் எதுவும் கட்டாமல், வட்டியை வட்டிமேல் ஏற்றும் பத்திரமாக வெளியிட்டார்கள். திருப்பிக் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட நூறு கோடி. கட்டத் தொடங்குவது 2033ல். கையெழுத்துப் போட்டவர்கள் அப்போது பதவியில் இருக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். அந்தக் கூச்சலுக்குப் பிறகு 2013ல் சட்டம் வந்தது: அந்த வகைப் பத்திரம் 25 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, மொத்தம் கட்டுவது அசலைப் போல நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது. நான்கு மடங்கும் அநியாயம்தான் என்பேன். சாதாரணப் பத்திரம் என்றால் பொதுவாக இரண்டு மடங்கை ஒட்டி நிற்கும்.

சன்னிவேல் அத்தை:

'ஆம்' பிரசாரத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பள்ளி மாவட்டம் தன் பணத்தில் வாக்குக் கேட்கக்கூடாது, தகவல் மட்டும் கொடுக்கலாம். ஆகவே தனிக் குழு அமைப்பார்கள். அந்தக் குழு 460 என்ற படிவத்தில் நன்கொடையாளர் பெயரைத் தாக்கல் செய்ய வேண்டும், அதை யாரும் பார்க்கலாம். கட்டட வடிவமைப்பு நிறுவனங்கள், கட்டுமான மேலாண்மை நிறுவனங்கள் என்று வரிசையாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கொத்தனார் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கொத்தனார்:

கோபமில்லை அக்கா. எங்கள் அலுவலகமும் கொடுத்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை என்று உள்ளே சொல்லியும் இருக்கிறேன்.

கிழக்குக்கரைவாசி:

வாரியக் கூட்டத்துக்குப் போய்ப் பொதுமக்கள் நேரத்தில் எழுந்து இரண்டு கேள்விகள் கேட்டேன்: எங்கள் பள்ளி எந்தக் கட்டத்தில் வருகிறது, வட்டியை வட்டிமேல் ஏற்றும் பத்திரம் உண்டா. பொதுமக்கள் நேரத்தில் பதில் சொல்வதில்லையாம், குறித்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் நிதி அதிகாரி தானே வந்து, அந்த வகைப் பத்திரம் கிடையாது, தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறோம் என்று பக்கத்தைக் காட்டினார். முதல் கேள்விக்கு, 'கட்ட வரிசையை வாரியம் தேர்தலுக்குப் பிறகு முடிவு செய்யும்' என்றார். ஆஸ்பெஸ்டாஸ் கோப்பைப் பள்ளி அலுவலகத்தில் காட்டினார்கள். அந்த ஓட்டின் அறை எண் அதில் இருக்கிறது, 'கண்காணிப்பில்' என்று.

'ஆம்' போடுவதாக இருக்கிறேன். அந்த மின்பலகைகளை நன்கொடை வசூலித்து யாராலும் மாற்ற முடியாது, மாநிலப் பங்கையும் விட மனமில்லை. ஆனால் வரிசையைத் தேர்தலுக்கு முன்பே வெளியிடச் சொல்லிப் பெற்றோர் சார்பில் கடிதம் தயார் செய்கிறேன். காத்திருப்போர் நண்பரே, அதில் கையெழுத்துப் போட வாக்குரிமை தேவையில்லை.

காத்திருப்போர் பட்டியல்:

அனுப்புங்கள். எங்கள் தெருவில் இன்னும் ஏழெட்டுப் பேரிடம் வாங்கித் தருகிறேன்.

ஓய்வுபெற்றவன்:

எங்கள் மாவட்டமும் இந்த நவம்பரில் கேட்கிறது. நான் 'இல்லை'தான். நிறைவேறிவிட்டால் மேற்பார்வைக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்க்கிறேன். அந்தக் குழுவால் ஒரு செலவைக்கூடத் தடுக்க முடியாது, செலவான பிறகு பார்த்து அறிக்கை எழுதலாம் என்பது தெரியும். தெரிந்தும் ஆசைதான்.

கணக்குப்பிள்ளை:

தாராளமாகச் செய்யுங்கள். தேர்தல் முடிவை வாரியம் பதிவு செய்த 60 நாளுக்குள் குழுவை அமைக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர், சம்பளம் கிடையாது. மூத்தவர்களுக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் வயது மட்டும் போதாது. மூத்த குடிமக்கள் அமைப்பு ஏதாவது ஒன்றில் செயல்படுபவராக இருக்க வேண்டும். இப்போதே ஒன்றில் சேர்ந்துவிடுங்கள்.

கொத்தனார்:

குழுவில் உட்கார்ந்ததும் ஒப்பந்த மாற்ற ஆணைகளின் பட்டியலை, அதாவது வேலை தொடங்கிய பிறகு ஒப்பந்தத்தில் செய்த மாற்றங்களை, முதலில் கேளுங்கள் ஐயா. பளபளப்பான ஆண்டறிக்கையை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.